பதினாறில் எட்டு

வேலையை விட்டு அனுப்பும்போது அவனுக்கு அந்த லேப்டாப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். "உங்க கைக்குப் பழகினது, நீங்களே வச்சுக்கங்க," என்றார் மேனேஜர். அவன் அதைப் பையில் போட்டுக்கொண்டான். மேசை இழுப்பறையில் இருந்த அளவு நாடா, இரண்டு பென்சில், பாதி காலியான இருமல் மருந்து, இவற்றையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கீழே ஷோரூமில் மாதிரிச் சமையலறைகள் வரிசையாக நின்றன. அவற்றில் நான்கு அவன் வரைந்தவை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். மற்றபடி அசல் மாதிரியே இருக்கும்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினான்கு வருஷமாகச் சமையலறை வரைவதுதான் அவன் தொழில். ஆள் போய் வீட்டை அளந்துகொண்டு வருவார். சுவர் இத்தனை, ஜன்னல் இங்கே, குழாய் அங்கே என்று ஒரு தாளில் கிறுக்கியிருக்கும். அதை வைத்து அலமாரி, மேடை, தொட்டி, விளக்கு எல்லாவற்றையும் அவன் கணினியில் எழுப்பி, கடைசியில் போட்டோ எடுத்த மாதிரி ஒரு படம் கொடுப்பான். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டினால்தான் தச்சர்கள் பலகையில் ரம்பத்தை வைப்பார்கள். அந்தப் படத்தைச் செய்யத்தான் கணினி திணறும். வெளிச்சம் எங்கே விழுகிறது, எஃகுத் தொட்டியில் எது பளபளக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போடும். ஒரு காலத்தில் அவனுக்கு ஒரு படம் பன்னிரண்டு நிமிஷம். அலுவலகத்தில் அவன் கைவேகத்துக்கு ஒரு பேர் இருந்தது. அப்புறம் மூன்று வருஷமாக அதே மாதிரிப் படத்துக்கு ஐம்பது நிமிஷம் பிடித்தது. அந்தப் பேர் போய் இன்னொரு பேர் வந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை.

காரணம் என்ன என்று யாரும் தேடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த காரணம் ஒன்று கையிலேயே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவனுடைய தம்பி இறந்துபோனான். முப்பத்தாறு வயது, லிஃப்ட் மெக்கானிக். காலையில் வேலைக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்த இடத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

பத்து நாள் விடுப்புக்குப் பிறகு அவன் அலுவலகத்துக்குத் திரும்பியபோது எல்லாமே மெதுவாகியிருந்தது. ஃபைலைத் திறந்தால் மெதுவாகத் திறந்தது. ஒரு அலமாரியைப் பிடித்து நகர்த்தினால் அது யோசித்து யோசித்து நகர்ந்தது. படம் தயாராகும் வரை திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். அவன் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு அது துக்கத்தில் உறைந்துபோன மனிதனாகத் தெரிந்தது. தோளைத் தொட்டு, "அவசரமே இல்ல, மெதுவா பண்ணுங்க," என்றார்கள். டீ கொண்டுவந்து வைத்தார்கள். அவன் உண்மையில் படத்துக்காகத்தான் காத்திருந்தான். ஆனால் எல்லோரும் அப்படிப் பார்க்கப் பார்க்க, தான் காத்திருப்பது படத்துக்காகத்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தம்பிக்காக அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மருத்துவமனையிலும் விடவில்லை, அடக்கம் செய்யும் இடத்திலும் விடவில்லை. காகிதங்களில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டான். தம்பி மனைவியை யாரோ கைத்தாங்கலாக அழைத்துப் போனபோது வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவினாலும் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இந்த மந்தம் வந்தபோது அவனுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அழ வரவில்லை, இப்படி வருகிறது.

மனைவி மட்டும் சும்மா இருக்கவில்லை. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவள். கணவன் இப்படி ஆகிவிட்டானே என்று, தைராய்டா, சர்க்கரையா, இரும்புச் சத்துக் குறைவா என மூன்று முறை தன் கையாலேயே ஊசி போட்டு அவன் இரத்தத்தை எடுத்துப் போனாள். மூன்று முறையும் எல்லாம் அளவாக இருந்தது. "ரிப்போர்ட் பார்த்தா உங்களுக்கு இருபது வயசு," என்றாள் மூன்றாவது முறை. சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் அவனுக்குக் கொடுக்கும் வேலை சின்னதாகிக்கொண்டே வந்தது. முழுச் சமையலறை போய் ஒரு சுவர் அலமாரி, அப்புறம் செருப்பு வைக்கும் பெட்டி. மூன்றாவது வருஷம் ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. மேனேஜர் சொல்லச் சொல்ல அவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டான். அவருக்குத்தான் குரல் உடைந்தது.

வீட்டில் இரண்டு வாரம் போனது. மனைவியுடன் வேலை செய்கிற ஒருத்தி தன் சமையலறையை மாற்றப் போவதாகவும், படம் போட்டுத் தர முடியுமா என்றும் கேட்டாள். சும்மா இருக்கிறதுக்கு ஏதாவது செய்யட்டும் என்று மனைவியும் அளவுத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் வரைகிற மென்பொருளின் புதுப் பதிப்பை இறக்கினான். அது ஏற மறுத்தது. குறைந்தது பன்னிரண்டு ஜிபி ரேம் வேண்டும், உங்களிடம் இருப்பது 7.9 என்றது.

அவன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான். அலுவலகம் ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. ரேம் பதினாறு என்று தெளிவாக எழுதியிருந்தது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தான். பொருத்தப்பட்டது பதினாறு, பயன்படுத்தக்கூடியது 7.9 என்று ஒரே வரியில் இரண்டும் இருந்தன. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கத்தை அவன் திறந்ததில்லை. திறக்கத் தோன்றியதும் இல்லை.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பழுதுபார்க்கும் கடைக்குப் போனான். தையற்கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில், ஒரு ஆள் கையை விரித்து நின்றால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு கடை. அதை நடத்துகிற அம்மாள் பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுத்தவர். பள்ளி போய்விட்டது, 'டீச்சர்' என்கிற பேர் போகவில்லை. சாவிக்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

"பதினாறு இருக்கு, எட்டுதான் எடுக்குது," என்றான் அவன்.

"இருக்கிறதை எடுக்காததுக்கு நாலஞ்சு காரணம் இருக்கும்," என்றார் டீச்சர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே. "எப்பலேருந்து இப்படி?"

"தெரியலை. நேத்துதான் பார்த்தேன்."

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து, சின்னத் திருப்புளியால் பத்துத் திருகுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு பழைய மாத்திரை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தார். அடிமூடி திறந்தது. உள்ளே பச்சைப் பலகையில் நாக்கு மாதிரி இரண்டு ரேம் துண்டுகள். "ரெண்டும் எட்டு எட்டு. முதல்ல பார்க்க வேண்டியது, இது ரெண்டும் ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்னு. சில நேரம் லேசா எழும்பியிருக்கும். வெளியேருந்து பார்த்தா தெரியாது." இரண்டையும் கழற்றினார். அவற்றின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினார். இயக்கினார். 7.9.

"சரி. ரெண்டுல ஒருத்தர் கெட்டுப்போயிருக்கலாம்." ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தார், பிறகு மற்றதை மட்டும். இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டு துண்டும் நன்றாக இருந்தன, இரண்டு குழியும் நன்றாக இருந்தன. அவன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தையற்கடை இயந்திரம் ஓடுவதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

டீச்சர் இரண்டையும் திரும்பப் போட்டு, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு பொத்தானை அழுத்தி, கறுப்புத் திரை ஒன்றைக் கொண்டுவந்தார். "இங்க பாருங்க. பலகை பதினாறுன்னு சொல்லுது. இரும்புல ஒரு குறையும் இல்ல. அப்ப மேல ஏறுற விண்டோஸ்தான் எடுத்துக்க மாட்டேங்குது. பழைய முப்பத்திரண்டு பிட்டா இருந்தா நாலுக்கு மேல எண்ணவே தெரியாது. இது அறுபத்துநாலு, அந்தப் பிரச்சினை இல்ல. படம் காட்டுறதுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கும், அது இவ்வளவு இருக்காது. பாதியவா முழுங்கும்." பேசிக்கொண்டே எதையோ தட்டச்சு செய்தார். ஒரு சின்னப் பெட்டி திறந்தது, அதற்குள் இன்னொரு பெட்டி. அவர் விரல் நின்றது.

"ம். இதோ."

'அதிகபட்ச நினைவகம்' என்கிற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறி. அதற்குக் கீழே 8192 என்ற எண்.

"உங்க லேப்டாப்புக்கு ஒரு வியாதியும் இல்ல சார். எட்டுக்கு மேல தொடாதேன்னு யாரோ இதுகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. சொன்ன பேச்சைக் கேட்டுட்டு இருந்திருக்கு." டிக்கை எடுத்தார். மறுபடி இயக்கினார். பதினாறு, பயன்படுத்தக்கூடியது 15.9 என்று வந்தது. "இது தானா விழாது. யாராவது கை வச்சாத்தான் விழும். யார் வச்சது?"

"தெரியலை," என்றான். அப்போது அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தான். பழைய சமையலறை ஒன்றைத் திறந்து படம் எடுக்கச் சொன்னான். பச்சைக் கோடு ஓடியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. இன்னொன்றைப் போட்டான். பத்தரை. கையில் ஒரு வேகமும் கூடவில்லை. அவன் அதே மாதிரித்தான் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் யார் என்பது ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் கணினிக் கோளாறுகளைப் பார்க்க ஒருத்தி இருந்தாள். வேறு கட்டிடத்தில் உட்கார்ந்து போனிலேயே வைத்தியம் பார்ப்பாள். எதைச் சொன்னாலும் முதல் மருந்து ஒன்றுதான்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க அண்ணா." அதனால் அவளுக்கு 'ரீஸ்டார்ட்' என்றே பேர் விழுந்துவிட்டது. யாராவது வந்து காதலைச் சொன்னாலும் இவள் அதைத்தான் சொல்வாள் என்று அவளிடமே கிண்டல் செய்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவனுடைய லேப்டாப் இரண்டு முறை பாதியில் படுத்துவிட்டது. போன் செய்தான். ஒரு ரேம் துண்டு கெட்டிருக்கலாம், கழற்றாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து, டிக் வைத்து, 8192 என்று அடித்தான். "இப்ப ஒரு படம் ஓட்டிப் பாருங்க. நிக்காம ஓடினா ரெண்டாவதுதான் குற்றவாளி. அரை மணி நேரத்துல நான் கூப்பிடறேன். அப்புறம் அந்த டிக்கை எடுத்துடலாம்," என்றாள். லேப்டாப் அணைந்து திரும்ப ஏறிக்கொண்டிருந்தபோது அவனுடைய கைபேசி அடித்தது. திரையில் தம்பியின் பெயர். எடுத்தால் வேறு ஆளின் குரல். பேருந்து ஓட்டுநர் பேசினார்.

அவன் எழுந்து போனான். பத்து நாள் கழித்து வந்தான். இடையில் மென்பொருளுக்கு ஒரு திருத்தம் வந்து, பாதியில் படுக்கிற கோளாறு தானாகவே தீர்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் என்றவள் கூப்பிடவில்லை. அவனுக்கும் அந்த டிக்கின் நினைப்பு வரவில்லை.

மாலையில் மனைவி வந்ததும் நடந்ததை ஒரு குறிப்பு வாசிப்பதுபோல் சொன்னான். அவள் கைப்பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

"லேப்டாப்புக்குத்தான்."

"மூணு வருஷம். மூணு வருஷமா ஒரு டிக்கு." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நானும்ல உங்களை அப்படித்தான் நினைச்சேன். ஊசியை எடுத்துட்டு உங்க பின்னாடியே அலைஞ்சேன்." கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, "லெட்டர் எழுதுங்க. மேனேஜருக்கு எழுதுங்க. வேலையைத் திருப்பிக் குடுக்கிறாங்களோ இல்லையோ, தெரிஞ்சுக்கணும் அவங்க," என்றாள்.

"எழுதி?"

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

அவன் யோசித்துப் பார்த்தான். கோபம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தம்பிக்காகத் தன்னிடம் இருந்தது அந்த மந்தம் ஒன்றுதான். அதுவும் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் தம்பி செத்ததற்கு இந்த மூன்று வருஷம் அவன் என்னதான் செய்தான்? கூட வளர்ந்தவன். ஒரே கட்டிலில் காலும் தலையுமாகப் படுத்தவர்கள். அவன் போய்விட்டான், இவன் சாப்பிட்டுக் குளித்து வேலைக்குப் போய்ப் படம் தயாராகக் காத்திருந்துவிட்டு வந்திருக்கிறான்.

"வரலை," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ரீஸ்டார்ட்டுக்குப் போன் செய்தான். அவள் அந்த வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது. இப்போது வேறு எங்கோ இதே வேலை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ அண்ணா. நான்தான். நான்தான் வைக்கச் சொன்னேன்." என்றாள். "அன்னிக்கு அரை மணி நேரத்துல கூப்பிடறதுக்கு போனைக் கையில எடுத்துட்டேன். அதுக்குள்ள பக்கத்து சீட்டுல சொன்னாங்க, உங்க தம்பி இறந்துட்டாருன்னு. இந்த நேரத்துல போய் லேப்டாப்பைப் பத்திக் கேட்கிறதான்னு வச்சுட்டேன். அப்புறம் நீங்க வந்ததும் கேட்கலாம்னு இருந்தேன். ஏழு நாள் யாரும் தொடலைன்னா அந்தப் புகார் தானா மூடிக்கும். மூடிக்கிட்டிருக்கும். என் லிஸ்ட்ல இல்ல, நானும் மறந்துட்டேன்."

"பரவாயில்லம்மா."

"அதனாலயா உங்களை வேலையை விட்டு எடுத்தாங்க?"

"ஆளைக் குறைச்சாங்க. அதான்."

"நான் வேணா மேனேஜர்கிட்ட பேசறேன் அண்ணா. தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன்."

"வேண்டாம். நீ நல்ல எண்ணத்துலதானே கூப்பிடாம விட்ட," என்றான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான். அவள் அழுகிறாள் என்பது அவனுக்குக் கேட்டது. போனை எப்போது வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிஷத்தில் அவளால் அழ முடிகிறது என்று நினைத்தான்.

மனைவி விடவில்லை. கடிதத்தை அவளே எழுதினாள். சோதனைக் குழாய்களில் பெயர் எழுதுகிற சின்னச் சின்னக் கையெழுத்தில், தேதி, எண், டிக் குறி, பதினோரு நிமிஷம், ஐம்பது நிமிஷம் எல்லாம் போட்டு, ஒரு பக்கத்துக்குள் முடித்திருந்தாள். "நேர்ல குடுங்க. தபால்ல போட்டா மடிச்சு வச்சிருவாங்க." அவளுக்காகத்தான் போனான்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தச்சராக ஆரம்பித்து மேலே வந்தவர். இடது கையில் ஒரு விரல் நுனி கிடையாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது எனக்குத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். "நான்தானே கேட்டிருக்கணும். ஆளைப் பார்த்தேன், மிஷினைப் பார்க்கலை. தப்பு எங்க பேர்லதான்."

"நான் அதுக்கு வரலை சார். அவ எழுதிக் குடுத்தா."

"இருங்க." அவர் எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல் இருந்தது. "நீங்க என்னைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. லேட்டானது மட்டும் இல்ல. லேட்டுக்காக நான் உங்களை எடுத்திருக்க மாட்டேன். லேட்டா வந்தாலும் சரியா வந்தா போதும்னு விடற ஆளு நான். உங்க படத்துல தப்பு வந்துட்டு இருந்துச்சு."

"என்ன தப்பு?"

"யாரும் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். வந்ததையெல்லாம் இன்னொருத்தரை வச்சுத் திருத்தி அனுப்பிட்டு இருந்தோம்." அவர் கணினியில் தேடி ஒரு கோப்புறையை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். "குறை சொல்றதுக்காக வச்சிருக்கலை. அழிக்க மனசு வரலை, அவ்வளவுதான். பாருங்க. கட்டாயம் இல்ல." வாசல் வரை கூட வந்தார். வேறு ஏதாவது நிறுவனத்தில் கேட்டால் தன் பெயரைச் சொல்லச் சொன்னார். லேப்டாப் விஷயத்தையும் எழுதித் தருவதாகச் சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றாலும் மனைவிக்கு விடுமுறை நாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கோப்புறையைத் திறந்தான். இருவருக்கும் டீ போட்டு வைத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருபத்துமூன்று ஃபைல்கள். எல்லாம் அவன் பெயரில், அவன் தேதியில்.

முதலாவதில் ஒரே மேடையில் மூன்று தொட்டிகள் இருந்தன. வரிசையாக, அளவு பிசகாமல். அடுத்ததில் ஜன்னல் தரையை ஒட்டி இருந்தது, எலி எட்டிப் பார்க்கிற உயரத்தில். இன்னொன்றில் எதிரெதிர் அலமாரிகள், ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. ஒரு வீட்டில் அடுப்பே இல்லை. அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். வரைந்த ஞாபகமே இல்லை. ஆனால் கை தன்னுடையது என்று தெரிந்தது. கைப்பிடிகளை எப்போதும் ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி வைப்பது அவன் பழக்கம். எல்லாக் கைப்பிடியும் அங்கேதான் இருந்தது.

பதினேழாவது ஃபைலில் நின்றான். நல்ல பெரிய சமையலறை. மேடை நான்கு பக்கமும் சுற்றி வந்தது. மேலே விளக்குகள், பழத்தட்டு, ஒரு பூச்செடி. எதையோ காணோம் என்று தோன்றியது. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கூடவே திருத்தியவரின் குறிப்பு ஒன்று இருந்தது. 'தச்சர் கேட்கிறார்: இதற்குள் எப்படிப் போவது?'

கதவு இல்லை. கதவுக்கான இடமும் இல்லை.

"என்ன?" என்றாள் மனைவி.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் பார்த்தாள். குறிப்பைப் படித்தாள். முதலில் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடித்த துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "மன்னிச்சுக்கங்க. பாவம் அந்தத் தச்சரு. ஏணி வச்சு மேலேருந்து இறங்கணும்போல." அவளுடைய தோள் குலுங்கியது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, தொண்டையில் ஏதோ அசைந்து மூக்கு வழியாக வெளியே போனது.

"இது லேப்டாப் பண்ணினது இல்ல," என்றான்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எட்டு இருந்தா என்ன, பதினாறு இருந்தா என்ன. கதவை அது எடுக்காது. நான்தான் வரைஞ்சிருக்கேன். அவன் போன மூணாவது மாசம் இது. தேதி இருக்கு பாரு."

அவள் தேதியைப் பார்த்தாள். துணியை ஓரமாக வைத்துவிட்டு அவன் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.  பிறகு, இரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் கேட்கிற குரலில், அவசரமில்லாமல் கேட்டாள். "அன்னிக்கு அந்த டிரைவர் என்ன சொன்னாரு?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"கடைசி ஸ்டாப் வந்தும் இறங்கலைன்னு வந்து பார்த்தேன் சார்னு சொன்னாரு. தூங்கறாருன்னு நினைச்சு ரெண்டு நிமிஷம் விட்டேன்னாரு."

"அப்புறம்?"

"போன்ல கடைசியா பேசின நம்பர்னு எனக்குப் போட்டிருக்காரு. முந்தின நாள் சாயங்காலம் பேசினேன்ல."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் இல்ல. டிரில் மிஷின் கேட்டிருந்தான். எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோன்னேன்."

"ஜன்னல் பக்கமா உட்கார்ந்திருந்தாரு?"

"ஆமா. ஜன்னல் பக்கம். பையை மடியில வச்சிருந்தானாம்." அவன் நிறுத்தினான். "நான் போனப்ப கண்டக்டர் அவனோட டிக்கெட்டைக் குடுத்தாரு. நான் வாங்கிச் சட்டைப் பையில போட்டேன். ஏன் வாங்கினேன்னு தெரியலை."

அவள் இன்னும் நிறையக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சில கேள்விக்கு யோசிக்க வேண்டியிருந்தது, அவள் காத்திருந்தாள். அவன் அழவில்லை. நடுவில் ஒருமுறை எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தான், அதற்கு அழுகை காரணம் இல்லை, வெக்கைதான். பேசி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் அதை அப்படியே குடித்தார்கள். சாப்பிட்டபின் நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

அந்த வாரமே மனைவியோடு வேலை செய்கிறவளின் சமையலறையை முடித்துக் கொடுத்தான். அடுத்த மாதம், மருந்துக்கடைகளுக்கு அலமாரி செய்கிற ஒரு நிறுவனத்தில் அவனை எடுத்துக்கொண்டார்கள். மேனேஜரின் கடிதம் உதவியது. சம்பளம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, நடக்கிற தூரம். அங்கே ஆட்கள் அவனை மெதுவான ஆள் என்றும் சொல்லவில்லை, வேகமான ஆள் என்றும் சொல்லவில்லை. படங்களைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தான்.

சேருவதற்கு முந்தின நாள் தம்பி மனைவிக்குப் போன் செய்தான். இந்த மூன்று வருஷத்தில் போன் செய்வது மனைவிதான், அவன் பக்கத்தில் இருப்பான்.

"சொல்லுங்க மாமா. ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான்."

"ம்."

அதற்குமேல் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது. ஆனால் வைக்கவில்லை. அவள் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி தொடங்கியது. அவன் போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் அருகே போய் நின்றுகொண்டான்.